சுமக்கத் தெரிந்தால் போதும்

சைக்கிள் ஓட்டத் தெரியாதே என்று தயங்குபவர்கள் முதலில் இறங்க வேண்டிய பந்தயம், பெல்ஜியம் கொண்டாடும் சைக்ளோகிராஸ். மழைக்கால வயல் சேற்றில், 40 சென்டிமீட்டர் வரை உயரமுள்ள பலகைகளைக் குறுக்கே நட்டுவைப்பார்கள். இறங்கி, சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓட வேண்டியதுதான். லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கியதைச் சுமப்பதா என்று சிலர் கேட்கலாம். சுமப்பதற்கு வசதியாகத்தானே கார்பனில் செய்கிறார்கள்? டயர் 33 மில்லிமீட்டருக்கு மேல் அகலக் கூடாது என்பது சர்வதேச விதி. அகன்றால் சேற்றில் சுலபமாகப் போய்விடுமே! வண்டி அழுக்காகும் என்ற கவலையும் வேண்டாம். நடுவழியில் வேறு வண்டி மாற்றலாம், பழையதைக் கழுவ ஆள் உண்டு. உங்களைக் கழுவத்தான் இல்லை. 2016 உலகப் போட்டியில் ஒரு வீராங்கனைக்கென வைத்திருந்த சைக்கிளுக்குள் மோட்டார் அகப்பட்டது. வண்டிதான் மனிதரைச் சுமக்க வேண்டும் என்ற விபரீத எண்ணத்துக்கு 6 ஆண்டு தடை.