கிலோ என்ன விலை?

மில்டன் கீன்ஸில் மான் பார்க்க டிக்கெட் வாங்க வேண்டியதில்லை. கொல்லைக் கதவைத் திறந்தால் போதும். முன்ட்ஜாக் என்று ஒரு ஜாதி. நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் கேளையாட்டுக்குப் பங்காளி. நாய் உயரம் இருக்கும், நாய் மாதிரியே குரைக்கும், நாய் மோந்துகூடப் பார்க்காததையெல்லாம் தின்னும். 1900 வாக்கில் பக்கத்து வோபர்ன் பண்ணைக்கு ஒரு பிரபு அழகுக்காக இவற்றைச் சீனாவிலிருந்து வரவழைத்தார். அழகு வேலி தாண்டிற்று. இப்போது தெற்கு இங்கிலாந்து முழுக்கப் பரவி, என் மனைவி தொட்டியில் வளர்த்த கொத்தமல்லி வரைக்கும் வந்துவிட்டது.

இந்தக் கொத்தமல்லிப் புகாரை வேலிக்கு மேலே சொல்லப்போய்த்தான், பக்கத்து வீட்டுக்காரர் மான் வேட்டைக்காரர் என்று தெரிந்தது. ஓய்வு பெற்ற கணக்காளர். வாங்கிய உருளைக்கிழங்கைக்கூட எக்செல்லில் ஏற்றுகிறவர். தமிழன் என்ற முறையில் நான் கேட்கவேண்டிய கேள்வியைக் கேட்டேன்: “வருஷத்துக்கு எவ்வளவு ஆகும்?”

அவர் முதலில் தன் வீட்டு அடுக்களை ஜன்னலைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, “பெரிசா ஒண்ணும் இல்லை” என்றார்.

எக்செல்லில் உருளைக்கிழங்குக்கு இடம் இருந்தது, மானுக்கு இல்லை. அது மறதி அல்ல என்று எனக்குப் புரியக் கொஞ்ச நாள் ஆனது.

ஊரிலிருக்கும் என் சித்தியிடம் போனில் இதைச் சொன்னபோது, “ஐயையோ, போலீஸ் பிடிக்காதா?” என்றாள். நம் நாட்டில் 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு மான் என்றால் ஜெயில் என்றுதான் நமக்குப் பழக்கம். இங்கே நிலைமை தலைகீழ். பிரிட்டனில் சுமார் 20 லட்சம் மான்கள் இருப்பதாகச் சொல்கிறார்கள். ஓநாயும் லின்க்ஸ் பூனையும் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே தீர்ந்துபோயின. அடித்துத் தின்ன ஆளில்லாததால் மான்கள் இளங்கன்றுகளை மேய்ந்து காட்டை மொட்டையடிக்கின்றன, ராத்திரியில் கார் முன்னால் பாய்கின்றன. யாராவது சுட்டுத்தான் ஆகவேண்டும். ஓநாய் இந்த வேலையைச் சம்பளமில்லாமல் செய்தது. என் பக்கத்து வீட்டுக்காரர் கைக்காசைப் போட்டுச் செய்கிறார்.

நார்மன் அரசர் முதலாம் வில்லியம் காலத்தில் செலவுக் கணக்கு எளிமையாக இருந்தது. ராஜாவின் மானைக் கொன்றால் கண்ணைப் பிடுங்கிவிடுவார்கள். 1217இல் வந்த வனச் சாசனம், மானுக்காக உயிரையோ உறுப்பையோ எடுக்கக்கூடாது என்றது. அன்றிலிருந்து காசாகத்தான் வாங்குகிறார்கள்.

முதலில் லைசென்ஸ். 5 வருஷத்துக்குச் செல்லும். புதிதாக எடுக்க 88 பவுண்டாக இருந்ததை 2025 பிப்ரவரியில் 198 ஆக்கினார்கள், புதுப்பிக்க 131. டாக்டரிடமிருந்து உடம்பும் மனசும் சரியாக இருப்பதாக ஒரு கடிதம், அதற்குத் தனி ஃபீஸ். நல்லவர் என்று எழுதிக்கொடுக்க வெளியாட்கள் இரண்டு பேர் வேண்டும்; அதில் ஒருவன் நான். போலீஸ் அதிகாரி வீட்டுக்கே வந்து, துப்பாக்கி வைக்கிற இரும்புப் பெட்டி சுவரில் போல்ட்டு போட்டு முடுக்கியிருக்கிறதா என்று ஆட்டிப் பார்ப்பார். இவ்வளவையும் அடுக்கிவிட்டு நம்மவர் சொன்னார்: “131 பவுண்டை 5 வருஷத்துக்குப் பிரித்துப் பாருங்கள். நாளைக்கு 7 பென்ஸ்! 7 பென்ஸுக்கு என்ன கிடைக்கும் இந்த நாட்டில்?”

இதுதான் அவர் வித்தை. எந்தச் செலவையும் நாட்களால் வகுப்பார். மான்களால் மட்டும் வகுக்க மாட்டார்.

துப்பாக்கி ஃபின்லாந்து டிக்கா, ஆயிரத்துச் சொச்சம் பவுண்டு. சரி, வேட்டைக்குத் துப்பாக்கி வேண்டும், அதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் துப்பாக்கிக்குக் கொடுத்த காசை அதன் மேலே மாட்டுகிற ஸ்கோப்புக்கும் கொடுக்கவேண்டும் என்பது இவர்களுக்கு வேதவாக்கு. ஆகவே ஆஸ்திரியாக் கண்ணாடி. கழுத்தில் தொங்க ஒரு பைனாகுலர், அதுவும் ஆஸ்திரியா. குழல் முனையில் சத்தம் குறைக்கும் உருளை. துப்பாக்கியைத் தாங்கிக்கொள்ள மடக்குக் கால்கள். அப்புறம் சத்தமே வராத கால்சட்டை. நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. தொடை உரசினால் சரசரக்காத துணியில் தைத்தது, 200 பவுண்டுக்கு மேல். அதைப் போட்டுக்கொண்டு அவர் படியேறி வந்தால் மானுக்கு மட்டுமல்ல, மனைவிக்கும் கேட்காது. கடையிலிருந்து வருகிற பார்சல்களை மாடிக்குக் கொண்டுபோக அது வசதி.

தெர்மல் கருவியைத் தனியாகச் சொல்லவேண்டும். இருட்டிலும் புதரிலும் மறைந்திருக்கும் உடம்புச் சூட்டை வெள்ளையாகக் காட்டுகிற சாதனம், 2,000 பவுண்டு. சூரியன் மறைந்து ஒரு மணி நேரத்திலிருந்து மறுநாள் உதயத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு வரை மானைச் சுட இந்த நாட்டுச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. தனி அனுமதி வேண்டும். அப்படியானால் இருட்டில் பார்த்து என்ன செய்வது என்று கேட்டேன். “எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாமே” என்றார். வாங்கிய அன்று ராத்திரி தோட்டத்தில் நின்று சோதித்ததில் அவருக்கு முயல் அகப்பட்டது, பூனை அகப்பட்டது, கடைசியில் என் வீட்டுக் கூரை அகப்பட்டது. காலையில் கதவைத் தட்டி, “உங்கள் பரணில் இன்சுலேஷன் சரியில்லை, சூடெல்லாம் மேலே போகிறது” என்றார். அதைச் சரிபண்ண ஆள் கூப்பிட்டு நான் கொடுத்த காசையும் மான் வேட்டைக் கணக்கில்தான் சேர்க்கவேண்டும்.

இவ்வளவு சாமான்களில் மலிவானது தோட்டா. இரண்டு மூன்று பவுண்டுக்கு ஒன்று வந்துவிடும், ஒரு மானுக்கு ஒன்று போதும். அதையும் விட்டுவைக்கவில்லை. ஈயம் மண்ணையும் பறவைகளையும் கெடுக்கிறது என்று, ஈயத் தோட்டாவைப் படிப்படியாக ஒழிக்கப்போவதாக 2025இல் அரசு அறிவித்தது. இனிமேல் செம்பு, விலையும் அதற்கேற்ப.

வேட்டைக்காரருக்குப் பரீட்சையும் உண்டு. கட்டாயமில்லை, ஆனால் அது இல்லாமல் நிலக்காரர்கள் உள்ளே விடத் தயங்குவார்கள். சில நூறு பவுண்டு கட்டி உட்கார்ந்தால், இந்த நாட்டில் இருக்கிற ஆறு வகை மான்களையும் படத்தில் பார்த்து அடையாளம் சொல்லவேண்டும், குறி பார்த்துச் சுட்டுக் காட்டவேண்டும், கறி கெடாமல் எடுக்கத் தெரிந்திருக்கவேண்டும். மானைத் தேடிப் போனதில் உலகத்திலேயே அதிகம் செலவானவர் எங்கள் ராமர்தான் என்று ஒருநாள் அவரிடம் சொன்னேன். மனைவி ஆசைப்பட்டாள், போனார், மனைவியை இழந்தார், மீட்க ஒரு பாலம் கட்டி ஒரு போரும் நடத்தினார். கணக்காளர் பாலத்தின் செலவை மனதுக்குள் போட்டுப் பார்த்தது முகத்தில் தெரிந்தது. “மான் கிடைத்ததா?” என்றார்.

“அம்பு பட்டது. ஆனால் அது மான் இல்லை.”

“அடையாளப் பரீட்சை எழுதியிருக்க மாட்டார்” என்றார்.

அவர் மனைவி இதுவரை மான் கேட்டதில்லை. ஃப்ரீசரில் ஐஸ்கிரீம் வைக்க இடம்தான் கேட்டிருக்கிறார்.

சுடுகிற இடத்துக்கு வாடகை உண்டு. தெரிந்த விவசாயி கிறிஸ்துமஸுக்கு ஒரு விஸ்கி பாட்டிலோடு விட்டுவிடுவார். நல்ல காடு வேண்டுமென்றால் நாலு பேர் சேர்ந்து குத்தகை எடுக்கவேண்டும். இவர் பங்கு வருஷத்துக்கு 1,200 பவுண்டு. அங்கே மரத்தில் ஏணி சாத்திய பரண் இருக்கிறது. ஒரு தடவை என்னையும் ஏற்றினார். கிளம்புமுன் என் தலையை மோந்து பார்த்து, தேங்காயெண்ணெய் கூடாது என்று திருப்பி அனுப்பிக் குளிக்கவைத்தார். மார்கழிக் குளிரெல்லாம் அந்தப் பரணுக்கு முன் சித்திரைதான். தும்மக்கூடாது, அசையக்கூடாது, பேசக்கூடாது. மான் வரவில்லை. இறங்கும்போது அவர் முகத்தில் அப்படி ஒரு திருப்தி. இதற்குத்தான் இவ்வளவு காசும் என்று அப்போது பட்டது: யாரும் பேசாத இரண்டு மணி நேரம்.

வருஷத்துக்கொரு தடவை ஸ்காட்லாந்து. விக்டோரியா ராணியின் கணவர் ஆல்பர்ட் 1852இல் பால்மோரலை வாங்கிப் போட்டு மலையில் மான் தேடி அலைய, காசிருந்தவர்கள் எல்லாரும் பின்னாலேயே அலையத் தொடங்கினார்கள். இன்றும் ஒரு கொம்பன் கலைமானுக்கு எஸ்டேட்டில் 600, 700 பவுண்டு கேட்கிறார்கள். கூட வருகிற வழிகாட்டிக்கு டிப்ஸ் தனி. நாள் முழுக்க ஈரத்தில் வயிற்றால் ஊர்ந்து சுட்ட பிறகு, கறி எஸ்டேட்டுக்குப் போய்விடும். கொம்பு மட்டும் விருந்தாளிக்கு. இதை முதலில் கேட்டபோது நான் தப்பாகப் புரிந்துகொண்டேனோ என்று இரண்டு தடவை திருப்பிக் கேட்டேன். ஆமாம், காசைக் கொடுத்துவிட்டுக் கறியையும் கொடுத்துவிட்டு வருகிறார். கலைமான்கள் இணைக்காக உறுமுகிற அக்டோபரில் போவார். மனைவியும் கூடப் போவதால் அந்தச் செலவு முழுவதும் ‘கல்யாண நாள்’ என்ற தலைப்பில் எழுதப்படுகிறது. அவர்கள் கல்யாணம் நடந்தது ஜூனில்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரை உட்காரவைத்துக் கூட்டினேன். குத்தகை, ஸ்காட்லாந்து, பெட்ரோல், சங்கச் சந்தா, தோட்டா, 10 வருஷத்துக்குப் பிரித்த சாமான் செலவு, அடிபட்ட மானை மோப்பம் பிடிக்க ஜெர்மன் ஜாதியில் வாங்கி, சோபாவை மட்டுமே மோப்பம் பிடிக்கிற நாய். மொத்தம் 5,500 பவுண்டு. அவர் பேனாவை வாங்கிக்கொண்டார். நாய் குடும்பத்தில் ஒருத்தர், அடி. ஸ்காட்லாந்து கல்யாண நாள், அடி. சாமான் ஏற்கெனவே வாங்கியாயிற்று, அடி. பெட்ரோல் எப்படியும் போடுவதுதான், அடி. அடித்து அடித்து 300 பவுண்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். அதிலும் ஜிம்முக்குப் போகாததால் மிச்சம் பிடித்த காசைக் கழித்தால் லாபம் என்றார். இவரிடம் வருமான வரிக் கணக்கு கொடுத்திருந்தவர்கள் புண்ணியம் செய்தவர்கள்.

நான் என் வழியில் வகுத்தேன். வருஷத்துக்கு எலும்பு நீக்கி 60 கிலோ கறி வீட்டுக்கு வருகிறது. கிலோ சுமார் 92 பவுண்டு. நம் காசில் பத்தாயிரம் ரூபாய்க்கு மேல். முழு உடலாக வியாபாரியிடம் போட்டால் கிலோவுக்கு இரண்டு மூன்று பவுண்டு தருவான். இதில் இன்னொரு வேடிக்கை: 20 லட்சம் மான் மேய்கிற இந்த நாட்டில், சூப்பர் மார்க்கெட்டுகள் வெகுகாலம் நியூசிலாந்துப் பண்ணை மான்கறியை விற்று வந்தன. நியூசிலாந்தில் இயற்கையாக மானே கிடையாது. 19ஆம் நூற்றாண்டில் இங்கிருந்து கப்பலில் ஏற்றி அனுப்பியவைதான் அங்கே பெருகின. அந்த வம்சம் உலகத்தைச் சுற்றி பிளாஸ்டிக் உறையில் ஊர் திரும்பி வந்தும், என் பக்கத்து வீட்டு மானைவிட மலிவு.

இந்த 92 பவுண்டை அவர் மனைவியிடம் நான் சொல்லவில்லை. காரணம் நட்பு மட்டும் அல்ல. அவர்கள் ஃப்ரீசர் நிறைந்துவிட்டால் அடுத்த பொட்டலம் வேலிக்கு மேலே எங்கள் வீட்டுக்கு வரும். “ஏங்க, தொடைக்கறியா கேளுங்க” என்கிறாள் என் மனைவி. கொத்தமல்லிக்கு நஷ்டஈடாக எடுத்துக்கொள்கிறாள்.

ஆகவே இங்கிலாந்தில் குடியிருக்கும் வாசகர்களுக்கு ஒன்று சொல்வேன். பக்கத்து வீட்டில் மான் வேட்டைக்காரர் இருந்தால் செலவைக் கேட்காதீர்கள், பாத்திரத்தை நீட்டுங்கள். மான்கறியில் கொழுப்பு குறைவு. மிளகு வறுவலுக்கு நல்லெண்ணெய் தாராளமாக விடவேண்டும், இல்லாவிட்டால் செருப்புத்தோல் மாதிரி ஆகிவிடும். எண்ணெய் உங்கள் செலவு.