தேனிலவில் இளைத்த ஈர்ப்பு விசை

1937 ஜனவரி 2 அன்று லண்டனில் இயற்பியலாளர் பால் டிராக்குக்குக் கல்யாணம். வாயைத் திறக்கவே காசு கேட்கும் ஆசாமி. கேம்பிரிட்ஜ் சகாக்கள் அவர் பெயரில் ஓர் அலகே வைத்திருந்தார்கள்: மணிக்கு ஒரு வார்த்தை பேசினால் ஒரு டிராக். புது மனைவி மார்கிட்டைக்கூட, சக இயற்பியலாளரான ‘விக்னரின் தங்கை’ என்றுதான் அறிமுகம் செய்வாராம். தேனிலவு பிரைட்டன் கடற்கரையில்.

பிப்ரவரியில் ‘நேச்சர்’ இதழைப் பிரித்தால் புதுமாப்பிள்ளையின் கடிதம். ஈர்ப்பு மாறிலி உண்மையில் மாறாமல் இருப்பதில்லையாம். பிரபஞ்சத்துக்கு வயதாக ஆக அது இளைக்கிறதாம்!

விஷயம் இதுதான். எலக்ட்ரானுக்கும் புரோட்டானுக்கும் இடையிலான மின்விசை, அவற்றின் ஈர்ப்பு விசையைவிட ஏறத்தாழ 1-க்குப் பின் 39 சைபர் போட்ட அளவு பெரிது. பிரபஞ்சத்தின் வயதை அணுவின் கடிகாரத்தில், அதாவது அணு அளவிலான கால அலகில், அளந்தாலும் கிட்டத்தட்ட அதே 39 சைபர். இரண்டு ஜாதகத்தில் ஒரே கட்டம் விழுந்தால் ஜோசியர் விடுவாரா? டிராக்கும் விடவில்லை. வயது கூடுகிறது, ஆகவே முதல் எண்ணும் கூடியாக வேண்டும், ஆகவே ஈர்ப்பு குறைந்தாக வேண்டும். முடிந்தது கணக்கு.

கல்யாணம் பண்ணிக்கொண்டால் மனுஷன் என்ன கதிக்கு ஆளாகிறான் பார் என்று நீல்ஸ் போர் அந்த இதழைக் காட்டிச் சொன்னாராம். சொல்பவர் குறும்புக்கார இயற்பியலாளர் கமாவ், பாதியைத் தள்ளுபடி செய்தாலும் நல்ல கதைதான். வானியற்பியலாளர் ஹெர்பர்ட் டிங்கிளுக்குச் சிரிப்பு வரவில்லை. இது பிரபஞ்சவியல் அல்ல, பிரபஞ்சப் புராணம் என்ற தொனியில் அதே ‘நேச்சரில்’ பொரிந்து தள்ளினார்.

அடுத்த ஆண்டு டிராக் போட்ட கணக்கில் பிரபஞ்சத்துக்கு வயது சுமார் 70 கோடி ஆண்டு. பூமியின் பாறைகளோ அதைவிடக் கிழடு. அம்மாவைவிடப் பிள்ளை மூத்தது!

1948-இல் இயற்பியலாளர் எட்வர்ட் டெல்லர் அடுப்பையே பற்றவைத்தார். ஈர்ப்பு முன்பு வலுவாக இருந்தால் சூரியன் இன்னும் உக்கிரமாக எரிந்திருக்கும், பூமியும் அதற்கு இன்னும் பக்கத்தில் சுற்றியிருக்கும். 20, 30 கோடி ஆண்டுகளுக்கு முன்புகூடக் கடல் கொதிநிலையில் இருந்திருக்கும். அதற்கும் முன்பே டிரைலோபைட்டுகள் என்ற கடல் பிராணிகள் வேகாமல் ஊர்ந்துகொண்டிருந்தன, புதைபடிவங்களே சாட்சி.

அந்த எண் பொருத்தத்தைக் காப்பாற்ற 1967-இல் கமாவ், ஈர்ப்பை விட்டுவிட்டு எலக்ட்ரானின் மின்னூட்டத்தை மாற்றிப் பார்த்தார். அதுவும் நிற்கவில்லை. 1969 முதல் நிலவில் வைத்த பிரதிபலிப்பான்களுக்கு லேசர் அடித்து அளந்ததில், ஈர்ப்பு ஆண்டுக்கு லட்சம் கோடியில் ஒரு பங்குகூட இளைத்ததாகத் தெரியவில்லை. டிராக்குக்கோ அதைப் போலப் பல மடங்கு தேவை.

மனுஷர் அசரவில்லை. 1970-களில், பிரபஞ்சத்தில் பொருளும் புதிது புதிதாக உண்டாகிறது என்று ஓர் ஒட்டுப் போட்டு, 1984-இல் ஃபுளோரிடாவில் கண்ணை மூடும்வரை அந்தக் கொள்கையைக் கட்டிக்கொண்டே இருந்தார்.