மோதலே முதல்

நாமக்கல் மண்டலத்தில் முட்டை விலை 5 காசு ஏறினாலும் இறங்கினாலும் மறுநாள் நாளிதழில் செய்தி. புதுச்சத்திரம் பக்கத்துப் பண்ணைக்காரரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒரு கோழி நாளொன்றுக்குச் சுமார் 110 கிராம் தின்னும், மக்காச்சோளம் இன்று என்ன விலை, முட்டைக்கு அடக்கம் எத்தனை காசு என்று ஒப்பிப்பார். இப்படிக் காசுக்குக் கணக்குப் பார்க்கும் மண்ணில்தான் அரசுக் கட்டடம் ஒன்றின் செலவு சில கோடி கூடினால், ‘திருத்திய மதிப்பீடு’ என்று மரியாதையாகப் பெயர் வைத்து, கையெழுத்துப் போட்டு, டீயைக் குடித்துவிட்டு எழுந்துபோகிறோம். முட்டைக்கு உள்ள மரியாதை கட்டடத்துக்கு இல்லை.

இந்த நிம்மதியைக் கெடுக்க ஒரு வில்லங்கம் வந்து நிற்கிறது. பெயர் பி.ஐ.எம்.; தொழிலில் இருப்பவர்கள் ‘பிம்’ என்கிறார்கள். கட்டடத்தைக் கம்ப்யூட்டருக்குள் முழுசாகக் கட்டிப் பார்த்துவிட்டு, அப்புறம் மண்ணில் கட்டும் முறை. காகித வரைபடத்தில் சுவர் என்றால் இரண்டு கோடு. இதில் சுவருக்குக் கனம் உண்டு, செங்கல் கணக்கு உண்டு, பூச்சு உண்டு, விலை உண்டு, எழுப்ப வேண்டிய தேதி உண்டு. ஜன்னலை ஓர் அடி தள்ளினால் பிளான், எலிவேஷன், மதிப்பீடு மூன்றும் சேர்ந்தே தள்ளிக்கொள்ளும். பிரிட்டன் 2016 ஏப்ரல் முதல் மத்திய அரசுப் பணத்தில் நடக்கும் கட்டுமானங்களுக்கு இதைக் கட்டாயமாக்கிவிட்டது. சிங்கப்பூரில் 5,000 சதுர மீட்டரைத் தாண்டும் புதுக் கட்டடம் என்றால் 2015 முதல் இந்த வடிவில்தான் அனுமதிக்குக் கொடுக்க வேண்டும். நம் நாட்டிலேயே நாக்பூர் மெட்ரோ இதை வைத்து வேலை பார்த்தது. இதன் நன்மைகளைக் கருத்தரங்கம் போட்டு அடுக்குகிறார்கள். கேட்கக் கேட்க எனக்குப் பகீர் என்கிறது. ஒவ்வொரு நன்மையும் யாரோ ஒருவர் வயிற்றில் அடிக்கிறது.

முதலில், மோதலைக் கண்டுபிடிக்கும் வித்தை. ஏசி குழாய் உத்தரத்துக்குள் புகுந்து போகிறது, கழிவறைக் குழாய் மின்சாரப் பெட்டியின் தலைமேல் இறங்குகிறது என்றால், ஒரு செங்கல் வைப்பதற்கு முன்பே திரையில் சிவப்பாகக் காட்டிவிடும். இது புரியாதவர்கள் வேலூரை நினைத்துக்கொண்டால் போதும். 2022 ஜூனில் அங்கே ஸ்மார்ட் சிட்டித் திட்டத்தில் ராத்திரியோடு ராத்திரியாக சிமென்ட் சாலை போட்டார்கள். தெருவில் நின்ற மோட்டார் சைக்கிளை நகர்த்துவானேன் என்று, சக்கரத்தோடு சேர்த்தே சாலையாக்கினார்கள். விடிந்து வந்து பார்த்தால் வண்டி அரசுடைமை ஆகியிருந்தது. அடுத்த சில வாரங்களில் அதே ஊரில் கைப்பம்பைக் கான்கிரீட்டுக்குள் வைத்தே கழிவுநீர்க் கால்வாய் கட்டினார்கள். 2025 ஜூனில் போபாலின் ஐஷ்பாக் மேம்பாலத்தைப் பார்த்து நாடே சிரித்தது. 18 கோடி ரூபாய்ப் பாலம், உச்சியில் ‘90 டிகிரி’ என்று ஊரே பேசிய திருப்பம். ரயில்வே ஒரு பக்கம், மாநிலப் பொதுப்பணித் துறை ஒரு பக்கம், நடுவே வண்டியோட்டியின் கழுத்து. ஏழு பொறியாளர்களை சஸ்பெண்ட் செய்தார்கள்; பாலம் திரும்பிய திருப்பத்திலேயே நின்றது.

கம்ப்யூட்டரில் முன்கூட்டியே பார்த்திருந்தால் தவிர்த்திருக்கலாம் என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். தவிர்த்துவிட்டு என்ன பண்ணுவது? தளம் போட்ட பிறகுதானே பிளம்பர் வருகிறார். அவர் பின்னால் கோர் கட்டிங் மிஷின் வருகிறது. ஓட்டை இறங்கும் வழியில் கம்பியும் அறுந்துகொண்டு போகிறது. உடைத்ததற்கு ஒரு பில், அடைத்ததற்கு ஒரு பில், ஒழுகினால் வாட்டர் ப்ரூஃபிங்குக்கு ஒரு பில். இந்தத் தொழிலில் மோதல்தான் முதல். முதலைப் பறித்துவிட்டு லாபம் எங்கிருந்து எடுப்பது?

அடுத்தது காலம். எந்த வாரம் எந்தத் தளம், கான்கிரீட் ஊற்றி எத்தனை நாள் கழித்து முட்டுப் பிரிக்கலாம் என்று நாள் வாரியாகப் படம் ஓட்டிக் காட்டுமாம். அதற்கு 4டி என்று பெயர். நம் காலண்டரில் அரசுக் கட்டடத்துக்கு இரண்டே நாள்: அடிக்கல் நாட்டு விழா, திறப்பு விழா. முதலாவதை ஜோசியர் குறிப்பார், இரண்டாவதைத் தேர்தல் குறிக்கும். நடுவில் சிமென்ட் இறுக எத்தனை நாள் வேண்டும் என்று சிமென்ட்டைத் தவிர வேறு யாரும் கவலைப்படுவதில்லை.

5டி என்றால் செலவு. தூணுக்கு எத்தனை கன மீட்டர் கான்கிரீட், எத்தனை டன் கம்பி என்று டெண்டருக்கு முன்பே கொட்டிவிடும். குறைந்த தொகைக்கு வேலையை எடுத்து, பாதி வழியில் ‘எக்ஸ்ட்ரா ஐட்டம்’ எழுதி ஈடுகட்டும் கலை அத்தோடு சரி. தலைமுறை தலைமுறையாக வந்த கலை அது. உலகம் 6டி, 7டி என்று எண்ணிக்கொண்டே போகட்டும். நாம் எப்போதோ கண்டுபிடித்த பரிமாணம் ஒன்று அவர்கள் மென்பொருளில் இன்னும் ஏறவில்லை: சதவீதம்.

புதுச்சத்திரத்துக்கு இதெல்லாம் புரியாது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பாச்சல் பக்கம் நெடுஞ்சாலையை ஒட்டியே பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. வயலை விற்றும் கோழிக்கொட்டாயை அடமானம் வைத்தும் பிள்ளைகளை சிவில் படிக்க வைத்த வட்டாரம் இது. அவர்களில் சிலர் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து வெளிநாட்டுக் கட்டடங்களுக்கு இதே பிம் மாதிரிகளைத்தான் செய்துகொண்டிருக்கிறார்கள். லண்டனில் எழும் ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் குழாயும் மின்கம்பியும் மோதாமல் பார்ப்பவன், அந்த ஆஸ்பத்திரிக்குள் வாழ்நாளில் ஒரு நாளும் நுழையப்போகாத நம்ம ஊர்ப் பையன். ஊருக்கு வந்தால் அவனுக்கு வேலை என்ன? ஒரு விசேஷ வீட்டுப் பந்தலில் அப்படி ஒரு பையனும், காண்ட்ராக்ட் எடுக்கும் அவன் மாமாவும் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

“ஏங் கண்ணு, இதுல அப்பிடி என்னதான் தெரியும்?”

“எல்லாமே தெரியுமுங் மாமா. எத்தன கம்பி, எந்தத் தேதி ஊத்தணும், எது எதுகூட இடிக்குது, எல்லாமே.”

“பரவால்லியே. அப்பறம்?”

“நடுவுல அளவ மாத்துனா, யாரு மாத்துனாங்க, என்னைக்கு, எத்தன மணிக்குன்னு பேரோட பதிவாயிரும்.”

மாமா டம்ளரைக் கீழே வைத்தார். “யாரு மாத்துனாங்கன்னா?”

“ஆமாங் மாமா. அழிக்க முடியாது.”

“அது வேண்டாங் கண்ணு. மத்ததெல்லாம் நல்லாத்தான் இருக்குது.”

கருத்தரங்குகளில் ஒரு நாள் முழுக்கப் பேசியும் வெளியே வராத விஷயத்தை மாமா ஒரு வாய்க் காபியில் சொல்லிவிட்டார். குழாய் மோதுவதும் தேதி தவறுவதும் மேம்போக்கு. இந்த முறையின் முதுகெலும்பு, எல்லாரும் ஒரே கோப்பில் வேலை செய்வதும், ஒவ்வொரு மாற்றமும் ஆள் பெயரோடு நிலைப்பதும்தான். 2018-ல் வந்த ஐ.எஸ்.ஓ. 19650 என்ற உலகத் தரவிதி பக்கம் பக்கமாகப் பேசுவதும் இதைத்தான்: எந்தத் தகவலை யார் தர வேண்டும், யார் சரிபார்க்க வேண்டும், யார் ஒப்புதல் தந்தார். நம் ஊரில் இடிந்தால் காற்று, மழை, தொழிலாளி, விதி என்று நான்கு குற்றவாளிகள் எப்போதும் தயாராக இருக்கிறார்கள். ஐந்தாவதாக ஒரு பெயர் எதற்கு?

நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரியையே பாருங்கள். 2020 மார்ச்சில் அடிக்கல். அதே ஆண்டு அக்டோபரில், கட்டிக்கொண்டிருக்கும்போதே முகப்பின் கான்கிரீட் சரிந்து விழுந்தது. நோயாளி படுப்பதற்கு முன்பே கட்டடம் படுத்துக்கொண்டது. 2022 ஜனவரி 12 அன்று தமிழ்நாட்டின் 11 புது மருத்துவக் கல்லூரிகளில் ஒன்றாக இதையும் பிரதமர் காணொலியில் திறந்துவைத்தார். டிஜிட்டல் இந்தியாவின் நுட்பம் இதுதான்: கட்டும்போது கம்ப்யூட்டர் தேவையில்லை, திறக்கும்போது இருந்தால் போதும்.

சரி, நாளையே அரசாணை போட்டு இதைக் கட்டாயமாக்கிவிட்டார்கள் என்று வையுங்கள். என்ன நடக்கும்? நடக்கப்போவது ஏற்கெனவே ஒரு முறை நடந்ததுதான். வெள்ளைக்காரன் காலத்திலிருந்து நம் பொதுப்பணித் துறையில் எம்-புக் என்று ஒன்று உண்டு, அளவைப் புத்தகம். பக்கத்துக்குப் பக்கம் எண் அச்சடித்திருக்கும். கிழிக்கக் கூடாது. மையில் எழுத வேண்டும். தப்பு நேர்ந்தால் சுரண்டி அழிக்காமல் குறுக்கே கோடு போட்டுச் சுருக்கொப்பமிட வேண்டும். நேரில் அளந்துதான் எழுத வேண்டும். எழுதியதை மேலதிகாரி போய் மறுபடி அளந்து பார்க்க வேண்டும். யார், எப்போது, எதை என்று மூன்றும் அதில் உண்டு. கம்ப்யூட்டர் இல்லாத காலத்துப் பிம் அது. அதை என்ன செய்தோம்? வேலை நடக்கும் இடத்துக்குப் போக வேண்டிய புத்தகம் காண்ட்ராக்டர் ஆபீஸ் மேஜைக்குப் போய் உட்கார்ந்ததும், போடாத சாலைக்கு அளவு ஏறியதும் எந்த ஊர் டீக்கடையில் கேட்டாலும் சொல்வார்கள்.

ஆகவே பிம் வந்தாலும் பயப்பட வேண்டியதில்லை. டெண்டர் நிபந்தனையில் ஒரு வரி ஏறும். அதற்குக் கொட்டேஷன் வாங்கி, மரம் செடியெல்லாம் அசைய, பளபளவென்று கார் வந்து நிற்க, சுடிதார் போட்ட பொம்மைப் பெண் ஒருத்தி படியேறுகிற மாதிரி இரண்டு நிமிட வீடியோ எடுப்பார்கள். அமைச்சர் பார்த்துக் கைதட்டுவார். அந்த வீடியோ பதிந்த பென் டிரைவ் அலமாரிக்குப் போகும். வேலை நடக்கும் இடத்தில் மேஸ்திரி வழக்கம்போல மடங்கிக் கிழிந்த நகலை வைத்துக்கொண்டு, “அளவு சரியாத் தெரியலீங்களே” என்று போனில் கேட்டுக்கொண்டிருப்பார். கோப்புக்கு ஒரு கட்டடம், மண்ணில் வேறொரு கட்டடம். இரண்டும் மோதிக்கொள்ளாது, ஏனென்றால் இரண்டும் சந்திக்கவே போவதில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். திரையில் எம்-30 தரக் கான்கிரீட் என்று எழுதியிருப்பதால் மிக்ஸரில் சிமென்ட் கூடிவிடாது. சென்னை புளியந்தோப்பு கே.பி. பார்க் குடியிருப்பில் 2021-ல் விரலால் சுரண்டினால் பூச்சு உதிர்ந்ததே, அந்தப் பூச்சில் எவ்வளவு சிமென்ட் என்பதை எந்தக் கம்ப்யூட்டரும் தானாக முகர்ந்து பார்க்காது. மணலைத் தின்பவனை மென்பொருள் தடுக்காது. ஆனால் யாருடைய ஒப்புதலோடு அது உள்ளே போனது என்பதைக் குறித்துவைக்கும் இடம் ஒன்றை அது தரும். அந்த இடத்தைக் கண்டுதான் இத்தனை நடுக்கம்.

சிரிப்பது இத்தோடு போதும். 2014 ஜூன் 28 மாலை, சென்னை மவுலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் மழையில் அப்படியே சரிந்தது. 61 பேர் செத்தார்கள். பெரும்பாலோர் ஆந்திரத்திலிருந்தும் தமிழ்நாட்டின் பல மாவட்டங்களிலிருந்தும் கூலி வேலைக்கு வந்து, கட்டிய கட்டடத்தை ஒட்டியே சோறாக்கித் தின்றவர்கள். அந்தக் கட்டடத்தின் தூண் எந்தக் கணக்கில் நின்றது, யார் சரிபார்த்தார் என்று தெரிந்துகொள்ள நீதிபதி ரகுபதி ஆணையம் அமைக்க வேண்டியிருந்தது. 2016 நவம்பர் 2 அன்று பக்கத்தில் நின்ற அதன் ஜோடிக் கட்டடத்தை வெடி வைத்துத் தகர்த்தார்கள். தொலைக்காட்சிகள் நேரலை போட்டன. மக்கள் செல்போனில் படம் பிடித்தார்கள். 61 சாவிலிருந்து ஊர் நினைவில் தங்கியது அந்த வாணவேடிக்கை ஒன்றுதான்.

லண்டனில் 2017 ஜூனில் கிரென்ஃபெல் குடியிருப்பு எரிந்து 72 பேர் செத்தார்கள். அங்கும் தாமதம் உண்டு, மழுப்பல் உண்டு, பொறுப்பைத் தள்ளிவிட்ட நிறுவனங்கள் உண்டு. அதன் பிறகு 2022-ல் ஒரு சட்டம் வந்தது. 18 மீட்டர் உயரமோ ஏழு மாடியோ அதற்கு மேலோ உள்ள குடியிருப்பு என்றால், அது எப்படிக் கட்டப்பட்டது, எது மாற்றப்பட்டது என்ற தகவலைக் கட்டடம் உள்ள காலம் முழுக்க டிஜிட்டலாகக் காத்துத் தர வேண்டும், பொறுப்பாளி இன்னார் என்று பெயர் இருக்க வேண்டும் என்றது. அந்தத் தகவலைக் கம்ப்யூட்டரில் ஒழுங்கு செய்யத் தெரிந்தவர்கள் நம் பிள்ளைகள். அவர்களுடைய சித்தப்பாவும் அத்தையும் இங்கே சாரத்தில் நின்று தலையில் சட்டி சுமக்கிறார்கள். அந்த அத்தை ஏறி நிற்கும் பலகைக்குக் கீழே முட்டு சரியாக இருக்கிறதா என்பதற்கு எந்தத் திரையும் கிடையாது, எந்தப் பெயரும் கிடையாது. செத்தால் முதலமைச்சர் நிவாரண நிதி உண்டு.

அதனால் என் கோரிக்கை சின்னது. ஒவ்வோர் அரசுக் கட்டடத்தின் வாசலிலும் பளிங்கில் ஒரு கல்வெட்டு பதிக்கிறீர்கள், அமைச்சர், எம்.பி., எம்.எல்.ஏ., ஆட்சியர் என்று வரிசை தப்பாமல் பெயர் போடுகிறீர்கள். அதற்குப் பக்கத்திலேயே இன்னொரு கல் வையுங்கள். தூணின் கணக்குப் போட்டவர், கம்பியைச் சரிபார்த்தவர், நடுவில் அளவைக் குறைக்கச் சொன்னவர், அதற்குச் சரி என்று கையெழுத்திட்டவர், முட்டுப் பிரிக்க அனுமதி தந்தவர். பெயர், பதவி, தேதி. கட்டடத்தின் பிம் மாதிரியை அப்படியே இணையத்தில் போட்டு, புதுச்சத்திரத்துப் பள்ளிக்கூடப் பையனும் திறந்து பார்க்கும்படி விடுங்கள். மென்பொருள் வாங்கப் பணமில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள்; முதல் கல்லின் பளிங்குக்கும் பந்தலுக்கும் ஆகும் செலவு ஊருக்கே தெரியும். முதல் கல்லில் இடம் பிடிக்க முட்டி மோதுகிறவர்களில் எத்தனை பேர் இரண்டாவது கல்லுக்குப் பெயர் கொடுப்பார்கள் என்று கேட்டுப் பாருங்கள். ஒருவரும் பெயர் கொடுக்காத கட்டடத்துக்குள் உங்கள் பிள்ளையைப் பிரசவத்துக்கு அனுப்பாதீர்கள்.