நாற்பது ஆண்டு ஒரு கண்ணிமைப்பு

கோடி ஆண்டுகளைச் சில்லறைபோல் எண்ணுகிறவர்கள் நிலவியலாளர்கள். நாற்பது ஆண்டு அவர்களுக்கு ஒரு கண்ணிமைப்பு. அமெரிக்காவில் அத்துறையின் முனைவர் பட்டங்களைக் கணக்கிட்ட 2018ஆம் ஆண்டுக் கட்டுரை, நாற்பது ஆண்டுகளாக இனப் பன்மையில் முன்னேற்றமே இல்லை என்றது. 2016இல் அந்நாட்டவர் பெற்ற பட்டங்களில் கறுப்பினத்தவர், ஹிஸ்பானியர், பூர்வகுடியினர் போன்றோரின் பங்கு சுமார் 6 விழுக்காடு, மக்கள்தொகையில் 31. இமயமலைகூட ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் உயர்கிறது.

இதற்கு வழக்கமான மருந்து பல்கலைக்கழகக் கூட்டணி: புரிந்துணர்வு ஒப்பந்தம், கைகுலுக்கும் படம், கையேட்டின் அட்டையில் சுத்தியலோடு சிரிக்கும் ஒரு மாணவி. “அந்தப் பிள்ளைகளுக்குக் கல்லில் ஆர்வமில்லையே” என்பார்கள். ஆர்வம் ஊற்றுநீரா, தானாகச் சுரக்க? கறுப்பினத்தவருக்கென எழுந்த கல்லூரிகள் பலவற்றில் நிலவியல் துறையே கிடையாது. அவற்றுள் ஒன்றான, ஜார்ஜியாவின் ஃபோர்ட் வேலி மாநிலப் பல்கலைக்கழகம் 1983இல் தொடங்கிய திட்டம் அந்தப் பள்ளத்தைத்தான் தாண்டியது: அங்கே மூன்று ஆண்டு கணிதமோ வேதியியலோ, பிறகு கூட்டாளிப் பல்கலைக்கழகத்தில் இரண்டு ஆண்டு நிலவியலோ பொறியியலோ, முடிவில் இரண்டு பட்டம், வழியெங்கும் உதவித்தொகை. தரம் குறையுமே என்று கவலைப்படுவோருக்கு ஒரு தகவல்: இரண்டாம் பட்டத்தைத் தருவது அந்தக் கூட்டாளியேதான், தன் தேர்வுகளை வைத்து. அடுத்த முறை அட்டையில் அந்த மாணவியைக் கண்டால், அவருக்குக் கட்டணம் யார் கட்டுகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.