ஆறு இட்லிக்கு ஒரு விமர்சனம்

ஏலே பேராண்டி, இங்கன வா. நேத்து ராத்திரி தொண்ணூறு அடி ரோட்டுல நீயும் அந்தச் செம்பூர்ப் பயலும் சட்டையப் பிடிச்சுக்கிட்டியளாமே? சொத்துத் தகராறோன்னு பதறிப் போயிட்டேன். கேட்டா ‘நாயகன்’ பெருசா, ‘காலா’ பெருசாங்காவ. நல்லா இருங்கடே. அந்த ரெண்டு படத்துலயும் ஒங்களுக்குப் பங்கு இருக்கற வெவரம் எனக்குத் தெரியாமப் போச்சு.

நான் ஐம்பது வருசமா தாராவியில இட்லி அவிக்கேன். திருநெல்வேலிச் சீமையில இருந்து வந்தவன். தலையில தூக்குப் பாத்திரத்தோட மாட்டுங்கா, சயான், செம்பூர்னு நடந்த காலு இது. சினிமா அபிப்பிராயம்னா என்னன்னு எனக்குச் சொல்லித்தர வேண்டாம். இந்த ஊர்ல இட்லி தின்னுக்கிட்டேதான் அது வெளிய வரும். ஆறு இட்லிக்கு ஒரு விமர்சனம். சட்னி ரெண்டாந்தரம் கேட்டான்னா, மொதல்ல சொன்னதுக்கு நேர் எதிரா இன்னொண்ணு. அத்தனையும் கேட்ட காது, அதனால சொல்லுதேன். சட்டையக் கிழிச்சுக்காம கருத்துச் சொல்லப் பழகு.

மொதல்ல, படத்தைப் பாக்காத. பாத்தவன் வாயில ஒரே அபிப்பிராயம்தான் இருக்கும். பாக்காதவனுக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. வெள்ளிக்கிழமை காலையில எங்கிட்ட இட்லி வாங்கித் தின்னுட்டு, ‘ரெண்டாம் பாதி இழுவை’ன்னு ஒருத்தன் சொன்னான். படம் சாயங்காலந்தான் போடுதான். எப்படிரா தெரியும்னேன். ‘எந்தப் படத்துக்கும் ரெண்டாம் பாதி இழுவைதான தாத்தா’ன்னான். அவன் பொழைச்சுக்குவான்.

பொறவு, பழைய படத்தைப் பத்திப் பேசும்போது ‘நான் அவரை நேர்ல பாத்திருக்கேன்’னு ஆரம்பி. ‘நாயகன்’ 1987 தீபாவளிக்கு வந்துச்சு. அதுல வாற வேலு நாயக்கர் நெசத்துல ஆருன்னு இங்க ஒரு குழந்தையைக் கேட்டாலும் சொல்லும். வி.டி. ஸ்டேசன்ல கூலியா மூட்டை தூக்கி, பொறவு இந்தச் சேரிக்கே ராசாவான வரதராஜ முதலியார். வரதா பாய். மாட்டுங்கா ஸ்டேசன் பக்கம் அவரு வச்ச பிள்ளையார் பந்தலைப் பாக்க பம்பாயே வரும். படம் வந்து மூணு மாசங்கூட ஆகல, 1988 சனவரியில மெட்ராஸ்ல கண்ணை மூடிட்டாரு. இப்ப இங்க அறுபது வயசு தாண்டின எந்தக் கிழவனையும் பிடிச்சுக் கேளு. வரதா பாய் அவன் தோளைத் தட்டிப் பேசியிருப்பாரு, கையில பத்து ரூவா கொடுத்திருப்பாரு, அவிய வீட்டுக் கல்யாணத்துக்கு வந்திருப்பாரு. இவனுவ சொல்லுத கணக்கைக் கூட்டிப் பாத்தா அந்த மனுசனுக்குக் கடத்தல் பண்ண நேரமே இருந்திருக்காது.

எங்கிட்டயும் இட்லி வாங்கித் தின்னாருன்னு நாப்பது வருசமாச் சொல்லுதேன். நீ அதைத் தோண்டாத.

வாதத்துல தோக்கப் போறேன்னு தெரிஞ்சா அமெரிக்காக்காரனைக் கூப்பிடு. 2005ல ‘டைம்’ பத்திரிகைக்காரன் ஒலகத்துலயே சிறந்த நூறு படம்னு ஒரு பட்டியல் போட்டான், அதுல ‘நாயகன்’ இருக்கு. நெசந்தான். நம்ம வீட்டு ரசம் நல்லா இருக்குன்னு பக்கத்துத் தெருக்காரன் சொன்னாத்தானே நமக்கே ருசிக்கும்? கூடவே மூணு தேசிய விருதையும் அடுக்கு. நடிப்புக்குக் கமல், கேமராவுக்கு பி.சி. ஸ்ரீராம். மூணாவது ஆருக்குன்னு எங்கிட்ட இட்லி தின்னவன்ல நூத்துக்கு ஒருத்தனுக்குக்கூடத் தெரியாது. அதுலதாம்ல சூட்சுமமே இருக்கு.

மூணாவது விருது கலை இயக்கத்துக்கு, தோட்டா தரணிக்கு. என்னத்துக்குக் கொடுத்தாவ தெரியுமா? நம்ம தாராவியை மெட்ராஸ்ல கட்டினதுக்கு! வீனஸ் ஸ்டூடியோவுல செட்டு. சாக்கடை, தகரக் கூரை, சந்து, முச்சந்தி எல்லாம் அங்கன. நம்ம அழுக்கைப் பாத்து எழுதி, அங்க புதுசா அழுக்குப் பண்ணி, அதைப் படம் பிடிச்சு, திருப்பி நமக்கே வித்தாவ. நாமளும் காசு கொடுத்து உள்ள போயி, ‘பாருடே, நம்ம தெரு!’ன்னு விசிலடிச்சோம். நான் பாத்தது வீடியோக் கொட்டாயில. எட்டடிக்குப் பத்தடி இருக்கும், தரையில சாக்கு, முப்பது பேரு, ஒரே ஒரு மேசை ஃபேனு. அது திரையைப் பாத்துச் சுத்தும், டெக்கு சூடாயிரப்படாதுன்னு. வேலு நாயக்கர் சேரி இடிபடறதைத் தடுக்கையில கொட்டாய்ல அத்தனை பேரும் கை தட்டினோம். கொட்டாய் ஆடிச்சு.

சரி, ‘காலா’வுக்கு வாறேன், மூஞ்சியத் தூக்காத. 2018 சூன்ல வந்துச்சு. ரஞ்சித் தம்பி எடுத்தது. கரிகாலன் திருநெல்வேலிக்காரன், தாராவித் தலைவன். நம்ம கதைன்னு நீ நெஞ்சை நிமித்துனே. நிமித்து, வேண்டாங்கல. ஆனா கணக்கு மட்டும் பாத்துக்க. இங்க கொஞ்சநாள் எடுத்தாவ; பெரும்பாலும் மெட்ராஸ் பக்கம் ஈ.வி.பி. ஃபிலிம் சிட்டியில இன்னொரு தாராவி கட்டியாச்சு. முப்பது வருசத்துல ரெண்டு தாராவி மெட்ராஸ்ல கட்டிப் பிரிச்சும் போட்டுட்டான். நம்மது இன்னும் அப்படியே நிக்கி. தமிழனுக்காக மராட்டிக்காரனை எதிர்த்து நிக்கற நாயகன் ஆரு? ரஜினி. பிறந்தப்ப சிவாஜி ராவ் கெய்க்வாட், மராட்டி பேசற குடும்பம். எதிர்ல நானா படேகர், அவரும் மராட்டி. ரெண்டு மராட்டிக்காரவ தமிழ்ல மல்லுக்கட்டுதாவ, நடுவுல நீ தொண்டையைக் கிழிக்க.

செல்வியா வாற ஈஸ்வரி ராவ் பேசற பேச்சைக் கேட்டு ஒங்க ஆச்சி என்ன சொன்னா தெரியுமா? ‘இவ பாளையங்கோட்டைப் பொண்ணு, சத்தியம் பண்ணுதேன்’ன்னா. அந்தம்மாவுக்குத் தாய்மொழி தெலுங்குன்னு நான் சொன்னேன். அன்னைக்கு ராத்திரி எனக்குச் சோறு இல்ல. அதுல இருந்து சினிமாவுல உண்மை பேசறதை விட்டுட்டேன். ஆனா ஒண்ணு, சும்மா சொல்லப்படாது. அந்தப் படத்துப் பாட்டுல கத்திக் கத்திப் பேசுதானுவளே, அந்த டோப்அடெலிக்ஸ் பயலுவ, அவனுவ நெசமாவே தாராவிப் பயலுவ. சுவரு பொய்யி, கூரை பொய்யி, தொண்டை மட்டும் நம்மது. அதுக்கு மட்டும் நானும் ஒரு தட்டு தட்டினேன்.

மாட்டுங்காப் பக்கம் போனா வாயை மூடிக்க. அங்க மாமாமாருக்கு ‘ஹரிதாஸு’க்குப் பொறவு வந்தது படமே இல்ல. 1944ல வந்து மெட்ராஸ் பிராட்வேயில மூணு தீபாவளி பாத்த பாகவதர் படம். ‘பாகவதர் மாதிரி ஒரு சாரீரம் உண்டா?’ம்பாவ. ‘இல்ல மாமா’ன்னு மட்டும் சொல்லு, காப்பி கிடைக்கும். ஷண்முகானந்தா ஹால் கச்சேரி வரைக்கும் பேச்சு நீளும், பொறுமையா இரு. செம்பூர்ல வேற தினுசு. அங்க ராஜ் கபூர் 1948ல ஆர்.கே. ஸ்டூடியோ வச்சாரு. அந்தச் சுவத்துப் பக்கம் குடியிருந்தவனெல்லாம் இந்தி சினிமாவுக்குச் சம்பந்தி. ‘பாட்ஷா’வைச் சொல்லிப் பாரு, ‘அது இந்தி ஹம் படந்தானே’ம்பான். ஆமா, நெசந்தான், அந்த ‘ஹம்’லயும் ரஜினி இருக்காருலேன்னு நீ சொல்லு. ‘நாயகன’த்தான் வினோத் கன்னாவை வச்சு ‘தயாவான்’னு எடுத்தாவன்னும் போடு. 1988. கொண்டதும் கொடுத்ததும் சரியாப் போச்சு. ஸ்டூடியோவும் இப்ப இல்ல. 2017ல தீப்பிடிச்சுது, 2019ல கட்டடம் கட்டறவனுக்கு வித்துட்டாவ.

கிங்ஸ் சர்க்கிள் அரோரா தியேட்டர் வாசல்ல கட் அவுட்டுக்கு ஊத்தின பாலைப் பத்திப் பேசாம விட்டா என் மனசு ஆறாது. ரஜினியோட ‘கபாலி’ வந்த 2016ல விடியுமுன்ன இட்லியோட போறேன், எதுத்தாப்ல எங்க தெருப் பயலுவ குடங்குடமாப் பால் தூக்கிட்டுப் போறானுவ. அதுல ஒருத்தன் எங்கிட்ட மூணு மாச இட்லிக் கடன் பாக்கி. நான் கேக்கல. தலைவருக்கு அபிஷேகம் ஆவட்டும், கடன் எங்க போகுது? ஒண்ணே ஒண்ணுதான் சொன்னேன், ‘அடியில ஒரு வாளி வச்சுப் பிடிடே, தயிராவது ஆவும்’னு. அடிக்க வந்துட்டான்.

இப்ப ஒஞ் சண்டைக்கு வாறேன். ‘நாயகன்’ பெருசா, ‘காலா’ பெருசா? அதுல சேரியை இடிக்க வந்தான், வேலு தடுத்தாரு. இதுல கட்டடம் கட்ட மண்ணைக் கேட்டான், கரிகாலன் தரமாட்டேன்னுட்டாரு. ரெண்டுக்கும் நாம கை தட்டினோம். ரெண்டு இடிப்பும் மெட்ராஸ்ல நடந்துச்சு. கை தட்டுனது வலிக்கல.

2024 மார்ச்சுல இருந்து இங்க நெசமாவே ஆளுவ வந்தாவ, இடிச்சுக் கட்டக் கணக்கெடுக்க, வீடு வீடா. கேமரா இல்ல, மேளம் இல்ல, டயலாக்கு இல்ல. கையில டேப்பு, அளந்தாவ. கதவுல ஒரு நம்பர் எழுதினாவ, அடுத்த கதவுக்குப் போனாவ. கீழ்வீட்டுல 2000 சனவரி 1க்கு முந்தி இருந்தவனுக்கு இங்கனயே முன்னூத்தம்பது சதுர அடியாம். அதுக்குப் பொறவு வந்தவனுக்கும் மாடிவீட்டுக்காரனுக்கும் வேற எங்கியோவாம்.

அதுல ஒருத்தன் எங்கிட்டயும் கேட்டான், ‘அப்ப இருந்ததுக்கு என்ன அத்தாட்சி தாத்தா?’ன்னு. 1987ல இந்தத் தெருவுலதான் ‘நாயகன்’ பாத்தேன், 1995ல ‘பாட்ஷா’ பாத்தேன், எந்தக் காட்சியில கரண்ட் போச்சுன்னுகூடச் சொல்லுதேன்னேன். நல்ல பய, சிரிச்சான். டிக்கெட் இருக்கான்னான். வீடியோக் கொட்டாய்ல எவண்டே டிக்கெட் கொடுத்தான்?

அந்தச் செம்பூர்ப் பயலுட்டப் போயி, ‘நாயகன்’தான் பெருசுன்னு ஒத்துக்கிட்டு வந்துரு, காசா பணமா. வாற வழியில வீட்டுக்குப் போயி, ஒங்கப்பன்ட்ட 2000த்துக்கு முந்தின கரண்ட் பில்லு ஒண்ணாவது தகரப் பெட்டியில கிடக்கான்னு கேளு.