கங்குப் படுக்கையும் சும்மா இருத்தலும்: ஓர் ஆய்வு

முன்னுரை

முனைவர் பட்டத்துக்குத் தலைப்புத் தேடி அலைவோர் அனைவரும் அறிந்த உண்மை ஒன்று உண்டு: நல்ல தலைப்புகளெல்லாம் நமக்கு முந்தியவர்கள் எடுத்துக்கொண்டவை. நண்டும் கொக்கும் போயின. யானை எப்போதோ போயிற்று. எஞ்சியிருப்பவற்றுள் ஒன்றை இக்கட்டுரை கையிலெடுக்கிறது. அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், பார்பிக்யூ ஸ்மோக்கரின் தீயறைக்குள் நான்கைந்து விரற்கடை உயரத்தில், பன்னிரண்டு மணி நேரம் அணையாமல் கிடக்கும் கங்குப் படுக்கையே அது.

இதுவும் ஓர் ஆய்வுப் பொருளா என வினவுவோர்க்கு மூன்று சான்றுகள் தரப்படுகின்றன. டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் பார்பிக்யூவை முதலாண்டு மாணவர்களுக்குப் பாடமாகவே நடத்துகிறது. ‘டெக்சஸ் மன்த்லி’ இதழ் 2013-ல் பார்பிக்யூவுக்கென்றே முழுநேர ஆசிரியர் ஒருவரை நியமித்தது. டெக்சஸ் சட்டமன்றம் 1999-ல் லாக்ஹார்ட் என்னும் சிற்றூரை மாநிலத்தின் பார்பிக்யூ தலைநகராக அறிவித்தது. பல்கலைக்கழகம், பத்திரிகை, சட்டமன்றம் ஆகிய மூன்றும் கருத்து வேறுபாடின்றி ஏற்றுக்கொண்ட பொருளை ஆராயத் தயங்குவது புலமைக்கு அழகன்று.

ஆய்வுச் சிக்கலும் கருதுகோளும்

மாட்டின் நெஞ்சுக்கறியாகிய பிரிஸ்கெட்டை ஏறக்குறைய 110 முதல் 130 டிகிரி செல்சியஸ் வரையிலான மெல்லிய சூட்டில், புகையில், பத்து மணி நேரத்துக்கு மேல் வேகவைக்க வேண்டும். அதற்குக் கங்குப் படுக்கை சீராக இருக்க வேண்டும். இதுவரை சிக்கல் ஏதுமில்லை. சீராக இருக்கும் படுக்கைக்குப் பக்கத்தில் இரண்டு கைகள் உள்ள ஒருவர் நிற்கிறார் என்பதே சிக்கல்.

இக்கட்டுரையின் கருதுகோள் வருமாறு: கங்குக்குக் காவலரின் இருப்பு தேவை, அவருடைய உழைப்பு தேவையில்லை. பார்பிக்யூவில் கெட்டுப்போகும் இறைச்சியில் பெரும்பகுதி இவ்விரண்டையும் பிரித்தறியாமையால் கெடுவது.

ஆய்வு எல்லை

ஆய்வுக் களம் நடு டெக்சஸ். விறகு அப்பகுதியின் போஸ்ட் ஓக். கருவி ஆஃப்செட் ஸ்மோக்கர். ஒரு பக்கம் தீயறை, மறுபக்கம் புகைபோக்கி, நடுவே இறைச்சி கிடக்கும் நீண்ட உருளை என்பது அதன் அமைப்பு. பழைய புரோப்பேன் வாயுத் தொட்டியை அறுத்து ஒட்டிச் செய்வது அங்கே வழக்கம். கேஸ் அடுப்புக்காரர்கள் ஆய்வு எல்லைக்குள் வரமாட்டார்கள். கேட்டாலும் வரமாட்டார்கள்.

இயல் ஒன்று: பிறப்பு

கங்கு மூவகையில் பிறக்கும். சிம்னியில் பிறப்பது, விறகில் பிறப்பது, திரவத்தில் பிறப்பது என்க. மூன்றாவது இழிந்தது. பெட்ரோலிய வாடை வீசும் அத்திரவத்தை ஊற்றிப் பற்றவைத்த கரியில் சமைத்த உணவு, உண்பவருக்குப் பெட்ரோல் பங்கை நினைவூட்டும். எனவே அது இங்கு மேலும் ஆராயப்படவில்லை.

சிம்னி என்பது இருபுறமும் திறந்த தகர உருளை. உள்ளே ஒரு கம்பித் தட்டு. தட்டின் கீழே நேற்றைய நாளிதழில் இரண்டு தாள், மேலே கரி. தாளில் தீ வைத்ததும் சூடான காற்று மேலேற, அது விட்ட இடத்துக்குக் கீழிருந்து புதுக்காற்று ஓடிவரும். ஊதுகுழல் இல்லாமலே உருளை தன்னைத் தானே ஊதிக்கொள்ளும். பதினைந்து இருபது நிமிடத்தில் மேல்வரிசைக் கரியில் சாம்பல் படர்ந்தால் கங்கு பிறந்துவிட்டது எனக் கொள்ளலாம். அந்த இருபது நிமிடத்தில் மனிதன் செய்யத்தக்கது ஒன்றுமில்லை. ஆயினும் அவன் குனிந்து பார்க்கிறான். காகிதம் போதாது என்று இன்னொரு தாளைச் செருகுகிறான். நோயின் முதல் அறிகுறி இது.

கரியைப் பற்றி ஒரு சொல். அமெரிக்கக் கடைகளில் மூட்டையாக விற்கும் பிரிக்கெட் என்னும் அச்சுக்கரிக்கும் காருக்கும் உறவு உண்டு. 1920-களில் ஹென்றி ஃபோர்டின் மிச்சிகன் ஆலையில், டி மாடல் காரின் உடலுக்கு மரம் அறுத்ததில் தூளும் துண்டும் குவிந்தன. வீணாக்க மனமில்லாத அவர் அதைக் கரியாக்கி, மாவுப்பசையில் பிசைந்து, அச்சில் அழுத்தித் தம் கார் முகவர்கள் வழியாகவே விற்றார். ‘கிங்ஸ்ஃபோர்டு’ என்ற பெயரில் அது இன்றும் விற்கிறது. அடுப்புக்கரி வாங்கக் கார் கடைக்குப் போன ஒரு தலைமுறை அமெரிக்காவில் இருந்தது என்பது இதனால் பெறப்படும்.

விறகில் பிறக்கும் கங்கே நடு டெக்சஸில் உயர்குடிப் பிறப்பு. விறகு சூடேறும்போது முதலில் ஈரம் போகும். பிறகு வாயுக்கள் கிளம்பிச் சுடராக எரியும். எரியவேண்டிய வாயுவெல்லாம் போனபின் எஞ்சும் கரி, சுடரில்லாமல் தன் மேற்பரப்பில் மட்டும் ஒளிரும். இதுவே கங்கு. சுடர் இளமை, கங்கு முதிர்ச்சி. முதிர்ந்தோரிடம் ஆரவாரம் குறைவு, சூடு அதிகம் என்பது குடும்பங்களில் ஏற்கெனவே நிறுவப்பட்டது.

இயல் இரண்டு: காப்பு

கங்குப் படுக்கை எதற்கு? விறகையே நேராக எரித்தால் ஆகாதா? ஆகாது. புதிதாக இடும் விறகு உடனே சுடர்விட்டு எரிய வேண்டுமானால் அதன் கீழே போதிய சூடு காத்திருக்க வேண்டும். படுக்கை மெலிந்திருந்தால் விறகு பற்றாமல் புகையும். அப்போது வருவது வெள்ளையாய், தடித்து, கண்ணைக் கரிக்கும் புகை; அது இறைச்சியில் படிந்தால் கசப்பு. படுக்கை நன்றாக இருந்தால் புகைபோக்கியில் மெல்லிய நீலம் தெரியும், அல்லது ஒன்றும் தெரியாது. துகள்கள் மிக நுண்ணியவையாக இருப்பதால் அவை நீல ஒளியைச் சிதறடிக்கின்றன. நல்ல புகை கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதால், தெரியவைக்க வேண்டும் என்று முயல்வோர் உண்டு. அவர்கள் இயல் மூன்றில் வருவர்.

காப்பு விதிகள் சிலவே. முழங்கை நீளமும் மணிக்கட்டுப் பருமனும் உள்ள காய்ந்த விறகு ஒன்றை அரை மணி முதல் முக்கால் மணி நேரத்துக்கு ஒருமுறை இடுக. இடுவதற்குமுன் அதைத் தீயறையின் மேலேயே வைத்துச் சூடேற்றுக. இட்டபின் சில நிமிடம் கதவைத் திறந்து வைத்துப் பற்றியதும் மூடுக. புகைபோக்கியை முழுதும் திறந்து விடுக. காற்றை நுழைவாயிலில் கட்டுப்படுத்துக. சாம்பல் சேர்ந்து கம்பித் தட்டின் அடியை அடைத்தால் வாரி எடுக்க. நம் தெருமுனை இஸ்திரிக்காரர் பெட்டியை அவ்வப்போது வீசி ஆட்டுவதும் இதே காரணத்தால்தான்: சாம்பல் போர்த்திய கங்குக்கு மூச்சு முட்டும்.

கரியிலேயே சமைப்போருக்கு ‘மினியன் முறை’ என்றொரு மார்க்கம் உண்டு. ஜிம் மினியன் என்னும் போட்டிச் சமையற்காரர் பெயரால் வழங்குவது. தொட்டி நிறையப் பற்றாத கரியைக் குவித்து, அதன் தலையில் பற்றிய கங்கு சிலவற்றை மட்டும் வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வது அது. மேலிருந்து கீழாக, ஒன்றிலிருந்து ஒன்றாகத் தீ தானே பரவிப் பல மணி நேரம் ஓடும். ‘ஒதுங்கிக்கொள்வது’ என்பதே இம்முறையின் உயிர்நாடி. அதைக் கடைப்பிடிக்க முடியாமல் தோற்றவர்கள் கரியை மாற்றிப் பார்க்கிறார்கள்.

கங்கு மூச்சுமுட்டும்போது வெளியிடும் கார்பன் மோனாக்சைடு மணமற்றது, நிறமற்றது, கொல்லக்கூடியது. இறைச்சியின் ஓரத்தில் பிட்மாஸ்டர்கள் என்னும் பார்பிக்யூ சமையற்காரர்கள் பெருமையோடு காட்டும் இளஞ்சிவப்பு வளையத்துக்கு இதுவும் நைட்ரிக் ஆக்சைடும் காரணம். எனவே மழை வந்தால் நனையலாம். கங்கை வீட்டுக்குள்ளோ கார் ஷெட்டுக்குள்ளோ கொண்டுபோகக் கூடாது. கட்டுரையில் சிரிக்காமல் படிக்கவேண்டிய பத்தி இது ஒன்றே.

இயல் மூன்று: இடையூறு செய்வோர்

கங்குக்கு இடையூறு செய்வோர் நால்வர்: ஊதுவோர், கிளறுவோர், திறப்போர், சேர்ப்போர்.

ஊதுவோர் கங்கின் சிவப்பைக் கண்டு மகிழ்பவர். அவர் ஊதிய காற்றில் சூடு ஒரு கணம் ஏறும். சாம்பல் பறந்து இறைச்சிமேல் அமரும். கிளறுவோர் கையில் எப்போதும் ஒரு கம்பி இருக்கும். கங்குகள் நெருங்கிக் கிடக்கும்போது ஒன்றன் வெம்மை மற்றொன்றின்மேல் பட்டு எல்லாம் சிவந்திருக்கும்; பிரித்துப்போட்டால் ஒவ்வொன்றும் தனித்தனியே கறுக்கும். கூட்டுக் குடும்பத்தைப் பிரித்துவிட்டு, யாரும் சரியில்லை என்று குறைசொல்பவரும் இவரே.

திறப்போர் மூடியைத் தூக்கி இறைச்சியிடம் நலம் விசாரிப்பவர். பார்த்துக்கொண்டிருந்தால் வேகாது என்பது அங்கே பழமொழி போலவே வழங்குகிறது. திறக்கையில் சூடு வெளியேறும். கூடவே காற்று உள்ளே புகுந்து தீயை எழுப்பும். வெப்பமானியின் முள் முதலில் இறங்கிப் பிறகு தாறுமாறாக ஏறும். இறங்கியதைக் கண்டு விறகு போடுபவரும், ஏறியதைக் கண்டு காற்றை அடைப்பவரும் பெரும்பாலும் ஒரே ஆள்.

சேர்ப்போர் நால்வருள் மிகவும் ஆபத்தானவர். அவர் தோன்றும் வேளையும் அறியப்பட்டுள்ளது. இறைச்சியின் உள்வெப்பம் 65, 70 டிகிரியை எட்டியதும் அங்கேயே நின்றுவிடும். சில மணி நேரம் அசையாது. இறைச்சியின் மேற்பரப்பு ஈரம் ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போவதே காரணம் என்று கிரெக் பிளாண்டர் என்ற இயற்பியலாளர் சோதனை செய்து காட்டினார். குற்றம் கங்கின்மேல் இல்லை. ஆனால் சேர்ப்போர் இயற்பியலுக்குக் காத்திருப்பதில்லை, விறகை அடுக்குகிறார். ஈரம் தீர்ந்து இறைச்சியின் வெப்பம் மறுபடி ஏறத் தொடங்கும் நேரத்தில் தீயறை ஒரு செங்கற்சூளையாக இருக்கும்.

ஐந்தாமவராக ஆலோசகரையும் சேர்க்க வேண்டும் என்பாரும் உளர். ஹூஸ்டன், டல்லஸ் புறநகர்களில் நம்மவர் வீட்டுப் பின்முற்றங்களிலும் ஸ்மோக்கர்கள் நிற்கத் தொடங்கிவிட்டன. பிரிஸ்கெட் ஆகாதோர் கோழித்தொடையை அடுக்குவர். அங்கே ஆலோசகர் நாற்காலியை விட்டு எழாமலே, “மச்சி, லேசா ஒரு ஊது ஊதி, கிளறி விட்டு, இன்னொரு கட்டை போடேன். திறந்துதான் பாரேன், என்ன ஆகிடும்?” என்பார். நால்வர் வினையையும் ஒரே மூச்சில் பிறர் கையால் நிகழ்த்துவதால் இவரைத் தனிவகையாகக் கொள்ளாமல் தொகைநிலையாகக் கொள்வதே பொருத்தம்.

இவர்களுக்கு எதிர்நிலையில் வைத்து எண்ணத்தக்கவர் டூட்ஸி டோமனெட்ஸ். 1935-ல் பிறந்தவர், லெக்சிங்டன் என்னும் சிற்றூரில் சனிக்கிழமை மட்டும் திறக்கும் ஸ்னோஸ் கடையின் பிட்மாஸ்டர். தனியே எரித்த விறகிலிருந்து கங்கை மண்வெட்டியால் வாரி, இறைச்சியின் கீழே பரப்புவது அவர் முறை. 2008-ல் ‘டெக்சஸ் மன்த்லி’ அக்கடையை மாநிலத்தின் முதலிடத்தில் வைத்தது. வேண்டிய இடத்தில் வேண்டிய அளவு கங்கு. பிறகு அடுத்த வேலை. மண்வெட்டி இறைச்சியைக் கெடுப்பதில்லை, மண்வெட்டியைக் கீழே வைக்கத் தெரியாமைதான் கெடுக்கிறது என்பது இவரால் விளங்கும்.

இயல் நான்கு: தீயின் பாகப்பிரிவினை

லாக்ஹார்ட்டில் 1900-ல் தொடங்கிய க்ரைட்ஸ் மார்க்கெட் என்ற கடை, நெடுங்காலம் சாஸும் முள்கரண்டியும் தராமல் புகழ்பெற்றது. குடும்பத்தில் தொழில் மகன்வசமும் கட்டடம் மகள்வசமும் வந்தன. உடன்பாடு எட்டவில்லை. 1999-ல் மகன் புதிய கட்டடத்துக்குக் கிளம்பினார். கிளம்பும்போது பழைய அடுப்பின் கங்குகளைத் தகரத் தொட்டியில் வாரித் தெருவழியே இழுத்துக்கொண்டுபோய்ப் புதிய அடுப்பில் சேர்த்தார்கள். பழைய கட்டடத்தில் மகளின் பக்கத்தார் ஸ்மிட்டிஸ் என்ற பெயரில் கடை நடத்தலாயினர். இரண்டும் இன்றும் நடக்கின்றன.

சொத்துரிமைச் சட்டம் இதைக் கவனிக்கத் தவறிவிட்டது. நிலம் பிரித்தால் குறுகும். நகை பிரித்தால் எடை குறையும். தீயைப் பிரித்தால் இரு வாரிசுக்கும் முழுப்பங்கு. ஆயின் ஒரு ஐயம். தொட்டியில் போன கங்குகள் அன்று மாலைக்குள் சாம்பலாகியிருக்கும். தலைமுறை தலைமுறையாக வந்த தீ என்று கொண்டாடப்படும் எந்த அடுப்பிலும் அன்று காலைக்கு முந்திய கங்கு ஒன்றுகூட இராது. அப்படியானால் தெருவில் இழுத்துச் செல்லப்பட்டது எது? நேரம் தவறாமல் ஒருவர் வந்து அடுத்த கட்டையை வைப்பார் என்ற உறுதி. எனவே கங்குப் படுக்கையைப் பொருளாகக் கருதுவது பிழை. அதை ஒரு வருகைப் பதிவேடாகக் கொள்வதே சரி.

மறுப்பும் விடையும்

மனிதக் கை வேண்டாமென்றால் இயந்திரம் போதுமே என மறுப்பர். மரத்தூள் குச்சிகளைத் தானே ஊட்டிக்கொண்டு, தானே ஊதிக்கொண்டு, சூட்டைத் தானே நிலைநிறுத்தும் பெல்லட் அடுப்புகள் வந்துவிட்டன. கைப்பேசியிலேயே சூட்டைக் காட்டுவனவும் உண்டு. இவை கருதுகோளை உடைக்கும் எனவே முதலில் தோன்றும். மாறாக, வலுப்படுத்துகின்றன. செய்வதற்கு ஏதுமில்லாத அவ்வடுப்பின் உரிமையாளரும் உறங்குவதில்லை. விருந்தினரோடு பேசிக்கொண்டே மேசைக்கடியில் கைப்பேசியைப் பார்த்து, ஒரு டிகிரி கூட்டி, ஒரு டிகிரி குறைக்கிறார். கிளறுவதற்குக் கங்கு இல்லாதபோதும் கிளறல் நிற்பதில்லை.

ஆய்வு முடிவுகள்

கங்கைப் பிறப்பிப்பது காற்று, காப்பது நேரம், கெடுப்பது ஆர்வம். சும்மா இருப்பது அரிது என்று தாயுமானவர் பாடியது வீடுபேற்றுக்காக. அது பிரிஸ்கெட்டுக்கும் பொருந்துகிறது. பக்கத்தில் இருந்தபடி சும்மா இருப்பது அதனினும் அரிது. தூரத்தில் இருந்து சும்மா இருப்பவருக்கு அந்தப் பெருமை கிடையாது, அவர் அடுப்பு அணைந்திருக்கும்.

பரிந்துரை ஒன்று. தீயறைக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்க. மண்வெட்டியையும் கம்பியையும் நாற்காலியிலிருந்து எட்டாத இடத்தில், முற்றத்தின் மறுகோடியில் சாத்தி வைக்க. எழுந்து போய் எடுத்து வருவதற்குள் முள் தானாகவே சரியான இடத்துக்கு வந்திருக்கும்.