அத்தான் ஸ்வெட்டருக்கு முன் ஒரு சதுரம்

எடின்பரோ

அன்புள்ள அக்காவுக்கு,

ஸ்வெட்டர் பின்னும் முன் இங்கே எல்லாரும் ஒரு சதுரம் பின்னி அளந்து பார்ப்பார்கள் என்று எழுதினால், "நூலுக்குப் பிடித்த கேடு" என்கிறாய். முறுக்குக்கு முதலில் ஒன்றைப் பிழிந்து எண்ணெயில் போட்டுப் பார்க்கிறவள் இப்படிக் கேட்கலாமா? 10 சென்டிமீட்டருக்கு 22 கண்ணி என்று புத்தகத்தில் போட்டிருப்பது, அதை எழுதிய அம்மாளின் கைக்கணக்கு. 100 சென்டிமீட்டர் சுற்றளவுக்கு 220 கண்ணி. உன் கை கொஞ்சம் தளர்ந்து, 10 சென்டிமீட்டருக்கு 20 கண்ணிதான் விழுகிறது என்று வை. அதே 220 கண்ணி 110 சென்டிமீட்டர் ஆகிவிடும். அத்தானோடு அவருடைய டிரான்சிஸ்டரும் உள்ளே உட்காரலாம். கை இறுகி 24 விழுந்தால் 92கூடத் தேறாது. மாட்டிக்கொள்வார், கழற்றத்தான் ஆள் வேண்டும்.

புத்தகத்தில் சொன்ன நூலையும் ஊசியையுமே வாங்கினால் போதாதா என்பாய். எந்த ஊசி? பழைய பிரிட்டிஷ் கணக்கில் 8-ஆம் நம்பர் ஊசி 4 மில்லிமீட்டர். அமெரிக்காவில் அதே 8-ஆம் நம்பர் 5 மில்லிமீட்டர். இங்கே நம்பர் ஏறினால் ஊசி மெலியும், அங்கே தடிக்கும். ஒரே பாஷை பேசுகிறவர்களின் ஒற்றுமை இது! மில்லிமீட்டர் பார்த்து வாங்கினாலும், மூங்கில் ஊசி நூலைப் பிடித்துக்கொள்ளும், உலோக ஊசி வழுக்கும். கண்ணி அதற்கேற்ப மாறும்.

அந்தச் சதுரத்துக்கு நடக்கும் உபசாரம்தான் கொஞ்சம் அதிகம், ஒப்புக்கொள்கிறேன். ஓரத்துக் கண்ணிகள் கோணிக்கொள்ளும் என்பதால் 10 சென்டிமீட்டரைவிடப் பெரிதாகப் பின்னி, நடுவில்தான் எண்ண வேண்டும். அதற்கும் முன்னால் குளிப்பாட்டி, துவட்டி, படுக்கவைத்துக் காயவிட வேண்டும். சாம்பிராணி ஒன்றுதான் பாக்கி. ஆனால் காரணம் இருக்கிறது. மெஷினில் துவைக்கலாம் என்று பதப்படுத்தி விற்கும் கம்பளி நூல், நனைந்ததும் தொங்கி நீளும். நனைக்காமல் எடுத்த அளவை நம்பினால் முதல் சலவையில் ஸ்வெட்டர் முழங்காலைத் தொடும். இந்த ஊர் ஈரத்தில் ஒரு சதுரம் காய்வதற்குள் பொறுமை போய்விடும். நம் மொட்டைமாடியாக இருந்தால் ஒரு பகல் போதும்.

பின்னி முடித்தபின் இழுத்துச் சரிசெய்யலாமே என்பது அடுத்த கேள்வியாக வரும். ஷெட்லாந்து தீவுகளில் ஈர ஸ்வெட்டரை மரச்சட்டத்தில் மாட்டித்தான் காயவைப்பது வழக்கம். அதில் கண்ணிகள் சீராகும், வடிவம் படியும். தப்பாக எண்ணிய கணக்கு சரியாகாது. இழுத்து வாங்கிய சென்டிமீட்டரை அடுத்த சலவை திருப்பிக் கேட்கும். நூல் வீண் என்பதும் சரியில்லை: நூல் குறைந்தால் சதுரத்தைப் பிரித்துச் சேர்த்துக்கொள்ளலாம். முழு ஸ்வெட்டரைப் பிரிக்கத்தான் யாருக்கும் மனசு வராது.

மப்ளருக்கு இதெல்லாம் அவசியமில்லை. நாலு விரல் கூடினாலும் கழுத்து கோபித்துக்கொள்ளாது. அத்தானுக்கு ஸ்வெட்டர்தான் வேண்டுமென்றால், அவருக்குத் தோதாக இருக்கும் சட்டை ஒன்றைத் தரையில் விரித்து, அக்குளிலிருந்து அக்குள் வரை அளந்து சென்டிமீட்டரில் எழுது. "மீடியம்" என்று மட்டும் எழுதிவிடாதே.

அன்புடன்,
உன் தங்கை